சாப்பிடாத மிளகாய்

எங்கள் வீட்டு பால்கனியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன பூ?" என்றுதான். பூ இல்லை, மிளகாய் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரே செடியில் ஊதா, வெண்மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு நிறத்தில் காய்கள். நம் வீட்டு மிளகாய் மாதிரி கீழே தொங்காமல், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். "கலியாண வீட்டு சீரியல் விளக்கு மாதிரின்னா இருக்கு!" என்பார் எதிர் ஃபிளாட் மாமி. இந்தச் செடிகளை நாங்கள் கடையில் வாங்கவில்லை. எல்லாமே விதை போட்டு வளர்த்தவை. "நாங்கள்" என்கிறேனே தவிர, வளர்த்தது என் அத்தை. அதாவது என் மாமியார்.

அத்தைக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். குண்டு மிளகாய் விளைகிற மண். மாமாவும் அத்தையும் நாற்பது வருஷத்துக்கு மேல் மிளகாய் போட்டவர்கள். 2021-ல் மாமா தவறிப் போனார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வீட்டைப் பூட்டி, மறு வருஷம் அத்தையை எங்களோடு குரோம்பேட்டைக்கு அழைத்து வந்துவிட்டோம். நல்லதுதான் செய்கிறோம் என்று எங்களுக்கு நினைப்பு. அத்தை ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் பேச்சே குறைந்துவிட்டது. காலையில் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அதே நாற்காலிதான். ஒரு நாள் மட்டும் சொன்னார்: "கீழே இறங்கினா ரோடு, மேலே ஏறினா மொட்டை மாடி. நடுவுல நான் எங்கத்தா இருக்கிறது?" எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து என் அக்கா வந்தாள். லால்பாக் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஒரு நர்சரியில் வாங்கினாளாம், கையில் ஒரு தொட்டி. அதுதான் இந்த அழகு மிளகாய். நான் ஆசை ஆசையாய் வாங்கி வைத்தேன். அத்தை எழுந்து வந்து பார்த்தார். ஒரு காயை விரலால் தட்டினார்.

"இதைக் குழம்புல போடுவாகளா?"

"இல்லை அத்தை, இது சும்மா அழகுக்கு."

"சாப்பிடாத மொளகாயை யாருத்தா வளப்பா?" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நாற்காலிக்குப் போய்விட்டார்.

உண்மையில் இது சாப்பிடக்கூடாத ஜாதி இல்லை. நம் சமையல் மிளகாய்க்குச் சொந்தத் தங்கைதான். காரம் நிறைய, ருசி குறைவு, அவ்வளவே. ஆனால் நர்சரியில் அழகுக்கென்று விற்கிற செடிக்கு என்ன மருந்து அடித்திருப்பார்களோ நமக்குத் தெரியாது. வாங்கின செடியின் காயைச் சமையலுக்குப் பறிக்காமல் இருப்பதே நல்லது. இன்னொன்று, ஜெருசலம் செர்ரி என்று ஒரு செடி உண்டு. ஆரஞ்சு நிறத்தில் குண்டு குண்டாய்க் காய்க்கும், பார்க்க இதே மாதிரி இருக்கும். அது விஷச் செடி. குழந்தை இருக்கிற வீட்டில் பேரை விசாரிக்காமல் தொட்டி வாங்காதீர்கள்.

அக்டோபரில் அந்தத் தொட்டிச் செடி வாடத் தொடங்கியது. நன்றாய்ச் சிவந்த நாலு காயைப் பறித்து, விதை எடுத்து, ஒரு தட்டு மண்ணில் போட்டேன். ஒரு அங்குல ஆழத்துக்குக் குழி பண்ணி, மேலே மண்ணை அழுத்தி, தினம் ரெண்டு வேளை தண்ணீர். வெளியே அடைமழை வேறு. ஆறேழு விதை எப்படியோ முளைத்து, ரெண்டு இலை விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை! நாலாம் நாள் காலையில் பார்த்தால், எல்லாம் தரையோடு தரையாய்ச் சாய்ந்து கிடக்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்த கீரை மாதிரி குழைந்து போயிருந்தது. நாற்றழுகல் என்று பெயர். ஈர மண்ணில் வருகிற பூஞ்சைதான் காரணம். தண்ணீர் அதிகமாகி, காற்றோட்டமும் இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் தட்டைக் காலி பண்ணிவிடும்.

நான் தட்டைக் கொட்டப் போனபோது நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நீ விதைச்சியா, புதைச்சியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நாலு மாதத்தில் அத்தை தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கோபம் வரவில்லை. "அப்போ நீங்களே சொல்லிக் கொடுங்களேன்" என்றேன்.

"மழை நிக்கட்டும். தையில பாப்பம்" என்றார்.

அதுவரை மீதிக் காய்களைப் பழுக்க விட்டார். காய் சிவந்தால் மட்டும் போதாதாம், லேசாய்த் தோல் சுருங்கணுமாம். பிறகு பறித்து, முறத்தில் நிழலில் ஒரு வாரம் காய வைத்தார். வெயிலில் வைத்தால் வத்தலுக்கு நல்லது, விதைக்கு ஆகாது என்றார். விதை எடுக்கும் முன் உள்ளங்கை, விரல் இடுக்கு எல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். என்னை ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டச் சொன்னார். சின்னக் காய்தானே என்று ஏளனமாய் நினைத்தால் தொலைந்தோம். வெறுங்கையால் விதை எடுத்துவிட்டு, தெரியாமல் குழந்தைக்கு முகம் துடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

2023 பொங்கல் முடிந்து விதை போட்டோம். தென்னை நார்த்தூள், மண்புழு உரம், ஆற்று மணல் மூன்றையும் சரிபங்காகக் கலந்து, பழைய முட்டை அட்டையில் நிரப்பினோம். விதையை மேலே வைத்து, அரிசி மணி கனத்துக்கு மண்ணைத் தூவினார், அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றவில்லை, கையில் அள்ளித் தெளித்தார். மேலே ஒரு ஈரத் துணி. மிளகாய் விதைக்குச் சூடு வேண்டும். 25-லிருந்து 30 டிகிரி இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடும். மார்கழி, தைக் குளிரில் இன்னும் சில நாள் கூட ஆகலாம். அத்தைக்கு டிகிரி எல்லாம் தெரியாது. ராத்திரியில் அட்டையைத் தூக்கி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார். அங்கே கொஞ்சம் கதகதப்பாக இருக்குமே! பதினோராம் நாள் காலை நாலரை மணிக்கு என்னை எழுப்பினார். "ஏத்தா, வா இங்க. தலை தூக்கிருச்சு." தூக்கக் கலக்கத்தில் எனக்கு முதலில் பயமாகிவிட்டது, என்னவோ ஏதோ என்று!

முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். உடனே வெளிச்சத்துக்கு வைக்காவிட்டால் நாற்று வெளுத்து, ஒல்லியாய் நீண்டுவிடும். காலை வெயில் படும் ஜன்னலில் வைத்தோம். முதலில் வருகிற ஜோடி இலையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதற்குப் பிறகு நாலைந்து நிஜ இலை வந்தபின்தான் தொட்டிக்கு மாற்ற வேண்டும். எங்களுக்கு அது பிப்ரவரிக் கடைசியில் ஆனது. இந்தச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டியதில்லை. எட்டங்குலத் தொட்டி தாராளம், ஆனால் அடியில் ஓட்டை அவசியம். மொத்தம் ஒன்பது நாற்று தேறியது.

அந்த மாதம்தான் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்தது. இவர் சத்தமாய்ப் படித்துக் காட்டினார். "அம்மா, உங்க குண்டு மிளகாய்க்கு கவர்மெண்டே பேரு கொடுத்துடுச்சு!" அத்தை தொட்டியிலிருந்து நிமிராமலே, "இதுவரைக்கும் அது என்ன கத்தரிக்காயாவா இருந்துச்சு?" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் அந்தப் பேப்பரை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மார்ச்சில் இலைகள் சுருண்டன. மேல்நோக்கிக் கிண்ணம் மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் குடை மாதிரி கவிழ்ந்தால் சிலந்திப்பேன். நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னப் பூச்சிகள் இவை. இலையின் அடிப்பக்கம்தான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கரைவதற்கு ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி வாரம் ஒருமுறை அடித்தோம். நான் செல்லம் கொடுத்து மாட்டெரு அள்ளி வைக்கப் போனேன். "ரொம்பக் கொட்டினா இலையைத்தான் திங்கணும், காய் வராது" என்று தடுத்தார். தண்ணீருக்கு அவர் அளவு, விரல். மண்ணில் விரல் கணு அளவு குத்திப் பார்ப்பார். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

ஏப்ரலில் பூத்தது. அக்னி நட்சத்திரத்தில் பூத்ததெல்லாம் உதிர்ந்தது. கடும் வெயிலில் மிளகாய்ப் பூ நிற்காது. நான் அழாத குறை. அத்தை தன் பழைய வெள்ளைப் புடவையை பால்கனிக் கம்பியில் கட்டி, நடுப்பகல் வெயிலை மட்டும் மறைத்தார். ஜூனில் காய் பிடித்தது. ஆகஸ்டில் பால்கனி முழுக்க நிறம். ஒன்பதில் ஏழு, தாய்ச்செடி மாதிரி ஊதாவாய் ஆரம்பித்தன. ரெண்டு மட்டும் பச்சையாய்த் தொடங்கி நேரே சிவந்துவிட்டன. நர்சரிச் செடி கலப்பு ஜாதியாக இருந்தால் பிள்ளைகள் அம்மா மாதிரியே வராது. நம் வீட்டிலும் அப்படித்தானே! அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். அத்தை நாற்காலியை பால்கனிக்கே மாற்றிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் பேசினார். கிராமத்துக் களம், வத்தல் மூட்டை, பரமக்குடி வியாபாரி, எல்லாக் கதையும் வந்தது. இவர் ஆபீசிலிருந்து வந்ததும், "அம்மா எங்கே?" என்று கேட்காமல் நேரே பால்கனிக்குப் போகப் பழகினார்.

அப்புறம்தான் அது நடந்தது.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அத்தை பால்கனியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். நான் அடுப்பில். அலறல் கேட்டு ஓடுகிறேன். பிள்ளை வாயைத் திறந்து கத்துகிறான், ரெண்டு கையாலும் கண்ணைக் கசக்குகிறான், கீழே பாதி கடித்த ஊதாக் காய். திராட்சை என்று நினைத்திருக்கிறான்! அத்தை பதறிப்போய்க் கண்ணில் விடுவதற்குத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எனக்கு என்ன தைரியமோ, "வேண்டாம் அத்தை!" என்று கத்திவிட்டு, அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வாஷ்பேசினில் தலையைச் சாய்த்து, குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கண்ணில் விட்டுக்கொண்டே இருந்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாய்க்குக் கெட்டித் தயிர். ஒரு கால் மணி நேரம் கழித்து அழுகை விம்மலானது. ஆனாலும் கண் சிவப்பாகவே இருந்ததால் டாக்டரிடம் தூக்கிப் போனோம்.

கருவிழியில் ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்றார் அந்த அம்மா. மிளகாய் பட்ட கண்ணைச் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுவதுதான் முதல் வைத்தியம். எண்ணெய், பால், தாய்ப்பால், எதையும் கண்ணில் விடக்கூடாது. கசக்கவும் விடக்கூடாது. கழுவிய பின்னும் வலியோ சிவப்போ கூச்சமோ இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வாயில் பட்டதற்குத் தண்ணீர் குடித்துப் பிரயோஜனமில்லை. காரத்துக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் கரையாது, பால், தயிர்தான் உதவும். கையில் எரிச்சல் என்றால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு. ஆக, அத்தை விதை எடுக்கும்போது கையில் தடவிய எண்ணெய் சரி, கண்ணுக்கு எடுத்து வந்த எண்ணெய்தான் தப்பு.

(காரம் விதையில் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சதையில்தான் அது இருக்கிறதாம். காரம் என்பது நாக்கின் ருசியே இல்லை, சூடு பட்டால் சொல்கிற நரம்புதான் மிளகாய்க்கும் கத்துகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளின் நரம்புக்கு மட்டும் இந்தக் காரம் உறைக்காது. கிளி பழமிளகாயைக் கொறிப்பது அதனால்தான்.)

வீட்டுக்கு வந்ததும் இவர் பேசிய பேச்சு! "சமையலுக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. நாளைக்குக் காலையில ஒரு தொட்டி இங்க இருக்கக்கூடாது." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கேட்கவேண்டியவர் கேட்டுவிட்டார். விடியும் முன் சத்தம் கேட்டு எழுந்தேன். அத்தை ஒவ்வொரு தொட்டியாய்த் தூக்கி மொட்டை மாடிப் படியில் வைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயசு. ஐந்தாவது தொட்டியில் மூச்சு வாங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பாக்காம விட்டுட்டேன். நான் ஊர்லயே இருந்திருக்கணும்" என்றார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நாற்காலி மறுபடி ஹாலுக்கு வந்துவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. தப்பு யாருடையது? தொட்டிகளைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வரிசையாக வைத்தது நான். "அழகுக்கு" என்று ஊருக்கெல்லாம் சொன்னதும் நான். பிள்ளைக்குச் சிவப்பு மிளகாய் தெரியும், பச்சை மிளகாய் தெரியும், ரெண்டையும் தொடவே மாட்டான். ஊதாவிலும் மிளகாய் உண்டு என்று அவனுக்கு யார் சொன்னோம்?

ராத்திரி இவரிடம் பேசினேன். சண்டையாகப் பேசவில்லை. "உங்களுக்கு நாலு வயசிலே வத்தல் காயற களத்தில் உருண்டு, ரெண்டு நாள் கண்ணைத் திறக்கலையாமே? எதிர் ஃபிளாட் மாமிகிட்டே அத்தை சொல்லிண்டிருந்தா... சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றேன். (அந்த மாமியோடு பழகிப் பழகி எனக்கு அவர் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது!) "அதுக்காக உங்கப்பா மிளகாய் போடறதை விட்டுட்டாரா?"

இவர் பதில் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இரும்பு ஸ்டாண்டோடு ஆள் வந்தான். பால்கனிச் சுவரில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் அடித்துவிட்டுப் போனான். இவர்தான் மாடிப்படியிலிருந்து ஒவ்வொரு தொட்டியாய்க் கொண்டு வந்து ஏற்றினார். "தண்ணி ஊத்த ஸ்டூல் வேணுமே, கீழே விழுந்துடப் போறீங்க. நீளக் குழாய் வாங்கியிருக்கேன் அம்மா" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அத்தை பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறமாய்க் காட்டி, "இதுவும் மொளகா, இதுவும் மொளகா" என்று சொல்லிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து, வந்த விருந்தாளியிடம் அவனே விரலை நீட்டி, "தொடாதே, அப்பத்தா மொளகா, காரம்" என்றான். இருந்தாலும் ஸ்டாண்டைக் கீழே இறக்க நான் சம்மதிக்கவில்லை. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். அவன் சிநேகிதப் பிள்ளைகள் வருகிறார்களே!

செடி வருஷத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். காய் ஓய்ந்தபின் கிளைகளைப் பாதிக்கு வெட்டி, மேல்மண்ணை மாற்றினால் மறுபடி துளிர்க்கும். எங்கள் ஒன்பதில் நாலு இப்படி அடுத்த வருஷமும் காய்த்தன. அடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வேண்டுமானால், பூ விரியும் முன் ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டிவிட வேண்டும். தேனீ வந்து கலந்துவிடாமல் இருக்க இது. காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த விதையை டப்பாவில் ஈரம் படாமல் வைத்தால் ரெண்டு வருஷத்துக்கு மோசமில்லை.

இந்தப் பை கட்டுகிற வேலை ஏன் வந்தது என்றால், ஸ்டாண்டின் கடைசியில் இப்போது பத்தாவதாக ஒரு தொட்டி இருக்கிறது. ஊருக்குப் போனபோது அத்தை முடிச்சில் கட்டி எடுத்து வந்த விதை. அது ஊதாவும் ஆகாது, ஆரஞ்சிலும் நிற்காது. பச்சையாய் இருந்து சிவக்கும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்த பெண் ஒருத்தி, "இது மட்டும் ஏன் பாட்டி கலரே இல்லை?" என்று கேட்டாள்.

"அது குண்டு மொளகாத்தா. அது சாப்பிட" என்றார் அத்தை.

போன தடவை மொத்தம் 17 காய் தேறியது. முறத்தில் போட்டு மொட்டை மாடியில் காய வைத்து, காக்காய்க்குக் காவலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதில் ரெண்டைக் கிள்ளிப் போட்டுத்தான் இன்றைக்கு மோர்க்குழம்புக்குத் தாளித்தேன்.